பெயர் என்ன?

தில்லியில் வாழும் மாறனும் கயல்விழியும் தாம் கண்ட திரைப்படங்களைப் பற்றி உரையாடினர். மகள் யாழினி அருகில் அமர்ந்திருந்தாள்.

“சண்டைப்படம் என்றால் ‘விக்ரம்’தான். கண் இமைக்கவும் நேரமில்லை” என்றார் மாறன்.

“அதன் ஓசை எனக்குத் தலைவலியைத் தந்தது. ‘குடும்பஸ்தன்’ படத்தில், வேலையிழந்ததை மறைத்துக் கடன்மேல் கடன் வாங்கும் நாயகனைக் கண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.”

“சிரிப்பா? மாதக் கடைசியில் நம் வீட்டைக் கண்டதுபோல் இருந்தது எனக்கு!”

‘மெய்யழகன்’ படத்தில் மட்டும் இருவர் கருத்தும் ஒன்றாயிற்று. 2024இல் வெளிவந்த அப்படத்தில், இளமையில் தஞ்சாவூரைப் பிரிந்த அருள்மொழி, பல்லாண்டுகளுக்குப் பின் தங்கையின் திருமணத்திற்கு வருகிறார். அங்கு அன்பைப் பொழியும் இளைஞர் ஒருவரின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

“மெதுவாகச் செல்லும் படம்; ஆயினும் கண் கலங்கியது” என்றார் மாறன்.

“எனக்கும்தான்” என்றார் கயல்விழி.

“சென்ற கோடையில் ஊரில் என்னை மிதிவண்டியில் அழைத்துச் சென்றாரே, அந்த அண்ணனின் பெயர் என்ன, அம்மா?” என்று வினவினாள் யாழினி.

பெற்றோர் ஒருவரையொருவர் நோக்கினர். மாறன் ஊருக்குப் பேசக் கைப்பேசியை எடுத்தார்.

எழுதுக
1. மாறனும் கயல்விழியும் எப்படத்தில் கருத்து வேறுபட்டனர்? காரணம் என்ன?
2. ஊரில் வாழும் உறவினர் மூவரின் பெயரையும் உறவுமுறையையும் கேட்டறிந்து எழுதுக.