நம் வளாகத்து மழை எங்கே போகிறது?



இந்த இதழின் பாடத்தை எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் அறக்கட்டளை வளாகம் முழுவதும் சிமெண்ட் தளம் போட்டோம். சேறு இருக்காது, கூட்ட நாட்களில் வண்டி நிறுத்தலாம், பெருக்குவதும் சுலபம் என்று நினைத்தோம். சென்ற மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மா வந்து, "உங்க இடத்துல தளம் போட்ட பிறகுதான் பாய், எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருது" என்றார். போய்ப் பார்த்தோம். எங்கள் மாடித் தண்ணீரும் வளாகத் தண்ணீரும் சேர்ந்து அவர் வாசலுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஊருக்குச் சொல்பவர்கள் நாங்கள். அன்று அவரிடம் சொல்ல எங்களுக்குப் பதில் இல்லை.

எளிய கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அப்படியானால் அந்த ஒரு மாடியில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,30,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் இது பதினொரு லோடுக்குச் சமம். இதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களிலேயே கொட்டிவிடும். மண் தரையாக இருந்தால் ஒரு பங்கு உள்ளே இறங்கும். சிமெண்டாக இருந்தால் அத்தனையும் தெருவுக்குப் போகும். தெருவில் யார் வீடு தாழ்வோ அங்கே நுழையும்.

ஊருக்கு நடந்ததும் இதுதான்

2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. ஏரிகளும் வயல்களும் இருந்த புறநகர்கள் நகரத்தோடு சேர்ந்தன. தென்சென்னையின் மழைநீரை வாங்கித் தேக்கிவந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம் குப்பைமேட்டாலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் சுருங்கியது. 1,247 ஹெக்டேர் பரப்புக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது.

2015 டிசம்பர் முதல் நாள் பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அப்போது பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் மக்களுக்குத் தங்குமிடம் ஆனதை நாம் மறக்கவில்லை. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே நகரத்தின் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். வெள்ளமும் வறட்சியும் ஒரே வீட்டுக்கு வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், வரும் தண்ணீரைத் தங்கவைக்க இடம் இல்லாமல் போனதே.

வெயிலும் இதே கதை

கான்கிரீட் கூரை பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வீட்டுக்குள் விடும். நம் பாட்டனார் வீடுகளில் உயர்ந்த கூரையும், சுண்ணாம்புக் காரை போட்ட தடித்த தளமும், சூடான காற்று மேலேறிப் போக முற்றமும் இருந்தன. எல்லோராலும் இன்று அப்படிக் கட்ட முடியாது. ஆனால் கூரையை வெள்ளையாக்கினால் வெயிலின் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும்.

அகமதாபாதில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதன்பின் 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அதில் சேர்ந்தது. தமிழக அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தகரத்தின் கீழ் அடுப்பு எரிக்கும் பெண்களும், இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர்களும்தான் இதில் முதலில் அடிபடுகிறார்கள். நம்மிடம் உதவி கேட்டு வருபவர்களில் பலர் அவர்களே.

சட்டமும் திட்டமும்

2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. எங்களிடமும் அந்தத் தொட்டி இருந்தது. திறந்து பார்த்தால் முழுக்க மண்! பல வீடுகளில் நிலைமை இதுவாகத்தான் இருக்கும்.

மாநகராட்சி 2023இல் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. 2050க்குள் கார்பன் சமநிலை அதன் இலக்கு. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. மூன்றாவது திட்டம் 2026 முதல் 2046 வரைக்கானது. இத்தகைய திட்ட வரைவுகள் மீது பொதுமக்கள் எழுத்து மூலம் கருத்தும் ஆட்சேபமும் சொல்லலாம். நம் பகுதி ஏரியும் கால்வாயும் வரைபடத்தில் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கப் படித்த இளைஞர்கள் முன்வர வேண்டும்.

நாங்கள் செய்தது

மதிலோரம் மூன்றடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து, ஜல்லியும் மணலும் நிரப்பினோம். வேப்பமரத்தின் அடியைத் திறந்துவிட்டோம். தொட்டியைத் தூர்வாரினோம். பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்த வாட்டத்தை மாற்றினோம். மாடிக்கு வெள்ளை அடித்தோம். இதற்கு அறக்கட்டளைப் பணமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார், நியாயமான கேள்வி. ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. பொது நன்கொடையிலிருந்தே செலவு செய்தோம். கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. ஐப்பசிக்கு முன் மாடியைப் பெருக்கி, மழைநீர்த் தொட்டியைத் திறந்து பாருங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

2. மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைக்காதீர்கள். பெருமழையில் கழிவுநீர் பொங்கி வீடுகளுக்குள் திரும்பும்.

3. கோடைக்கு முன் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

4. புதிதாகக் கட்டுபவர்கள் சுற்றி விடும் இடத்தை மண்ணாகவே விடுங்கள்.

எங்கள் வேலை பலித்ததா என்பது அடுத்த மழையில்தான் தெரியும். முதல் பெருமழை அன்று அந்த அம்மாவின் வாசலில் போய் நின்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். அங்கே கண்டதை, நல்லதோ கெட்டதோ, அடுத்த இதழில் அப்படியே எழுதுவோம்.