பினாங்கில் ஓர் உணவுத் தெரு

வெளிநாடு செல்வோர் அங்குள்ள கோட்டைகளையும் கோயில்களையும் கண்டு வருதல் இயல்பு. அவற்றைப் பற்றி எழுதியோரும் பலர். அந்நாட்டு மக்கள் மாலைப் பொழுதில் எங்கே அமர்ந்து என்ன உண்கின்றனர் என்பதை எழுதியோர் சிலரே. உணவைப் பற்றிப் பேசுதல் கற்றோர்க்குத் தகாது என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். எனக்கும் அவ்வெண்ணம் நெடுநாள் இருந்தது. பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர், மலேசிய நாட்டைச் சேர்ந்த பினாங்குத் தீவிற்குச் சென்று, அங்கே சூலியாத் தெரு என்னும் தெருவில் மூன்று மாலைப் பொழுதுகளைக் கழித்தேன். அதன்பின் அவ்வெண்ணம் என்னை விட்டு நீங்கிற்று.

நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவன். என் சிறுவயதில் ‘ரஜூலா’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து வந்து, நாகையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் செல்லும். அக்கப்பல் 1973-ஆம் ஆண்டில் ஓய்ந்தது. அதில் ஏறிச் சென்று பிழைத்தவர் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவரேனும் இருப்பர். திரும்பி வந்தவர்கள் அவ்வூரைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. ‘அக்கரை’ என்றே குறிப்பர். அந்த அக்கரையைக் கண்ணாற் காண வேண்டும் என்னும் ஆவல் அறுபது வயதிற்கு மேல்தான் எனக்கு நிறைவேறியது.

பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன். 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொருட்டு இத்தீவைக் கைக்கொண்டு, அதனைச் சுங்கமில்லாத துறைமுகம் ஆக்கினார். சுங்கம் இல்லையெனில் வணிகர் வாராதிருப்பரோ? சீனர் வந்தனர், சுமத்திராத் தீவின் அச்சே நாட்டார் வந்தனர், அரபியரும் ஆர்மீனியரும் வந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் திரளாக வந்தனர். இவர்களையே அந்நாளில் ‘சூலியர்’ என்றழைத்தனர். அப்பெயர் சோழர் என்பதன் திரிபு என்று கருதுவோர் பலர். அவர்கள் கடை வைத்த தெரு சூலியாத் தெரு ஆயிற்று.

தெருவின் மேற்கு முனை பினாங்குச் சாலை; கிழக்கு முனை கடல். இருமருங்கும் கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த பழைய கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிச் செல்ல ஒரு தாழ்வாரம் உண்டு. அதன் அகலம் ஐந்தடி. ஆதலால் மலாய் மக்கள் அதனைக் ‘காக்கி லீமா’, அதாவது ஐந்தடி, என்றே சொல்கின்றனர். அத்தாழ்வாரத்திலே நடந்து சென்றால் நாகூர் ஆண்டவர் பெயரால் எழுந்த சிறிய தர்கா ஒன்று தெருமுனையில் தோன்றும். அதனைக் கண்டபோது என் கால்கள் தாமே நின்றன. எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள மினாராக்களின் நினைவு, கடல் கடந்த ஊரில் ஒரு சந்துமுனையில் என்னை எதிர்கொண்டது. அருகிலேயே காதர் முகைதீன் என்னும் சூலியர் தலைவர் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நிற்கிறது. அதே வழியில் சிறிது தொலைவு நடந்தால் சீனரின் கருணைத் தேவி கோயிலையும், மகாமாரியம்மன் கோயிலையும், ஆங்கிலேயர் கட்டிய கிறித்தவத் தேவாலயத்தையும் காணலாம். எனினும் நான் சொல்ல வந்தது கோயில்களைப் பற்றியன்று.

மாலை மயங்கியதும் சூலியாத் தெருவில் தள்ளுவண்டிகள் வந்து நிரை நிரையாக நிற்கத் தொடங்குகின்றன. இரும்புச் சட்டியில் அகப்பை மோதும் ஒலி எங்கும் கேட்கிறது. அரிசிமாவினால் செய்த பட்டையான இழைகளைக் கொழுந்துவிட்டெரியும் தீயில் ஒருவர் வதக்குகிறார். அது ‘சார் குவே தியாவ்’. மீனும் புளியும் புதினாவும் அன்னாசியும் கூடிய சாற்றில் இழைகளை இட்டு மற்றொருவர் தருகிறார். அது ‘அசாம் லக்சா’. அசாம் என்றால் மலாய் மொழியில் புளிப்பு; வடகிழக்கு மாநிலம் என்று மயங்க வேண்டா. சீன ஆடவர்க்கும் இந்நாட்டுப் பெண்டிர்க்கும் தோன்றிய வழியினர் சமைக்கும் ‘நியோஞா’ உணவும் உண்டு. சீனச் சமையலில் தேங்காய்ப்பால் கலந்த அழகு அது. ஆங்கிலேயர் வீடுகளில் சமையற்காரராக இருந்த ஐனான் தீவுச் சீனர் பிற்காலத்தில் திறந்த காப்பிக் கடைகளும் உண்டு.

இவை அனைத்தினும் என்னை ஈர்த்தது ‘நாசி கண்டார்’ என்னும் பெயர்ப்பலகையே. தமிழ் கற்றவன் இதனைப் படித்தால் ‘மூக்கைக் கண்டார்’ என்றன்றோ பொருள் கொள்வான்! மலாய் மொழியில் நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளிற் காவுதல். முற்காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானையையும் மறுமுனையில் குழம்புச் சட்டிகளையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத்துக் கூலியாட்களுக்கு விற்றனர். தமிழிலும் ‘கா’ என்னும் ஓரெழுத்து மொழிக்குத் தோட்சுமைத் தண்டு என்னும் பொருள் உண்டு. காவடி என்னும் சொல்லில் அஃது இன்றும் வாழ்கிறது. தண்டு போய்க் கடை வந்து பல்லாண்டுகள் ஆயின. பெயரில் மட்டும் அச்சுமை இறங்கவில்லை. கடை என்னும் நம் சொல்லையும் மலாய் மக்கள் ‘கெடாய்’ என்று வழங்குகின்றனர். கப்பல் அவர்களுக்கும் ‘காப்பால்’, மாம்பழம் ‘மெம்பெலாம்’. சரக்கோடு சொற்களும் கப்பலேறின போலும்!

நான் அக்கடையினுள் நுழைந்தேன். பத்துப் பன்னிரண்டு பெருஞ்சட்டிகள் வரிசையாக இருந்தன. உண்போர் ‘பாஞ்சிர்’ என்றதும், பரிமாறுபவர் பல குழம்புகளையும் சோற்றின்மேல் மாறி மாறி ஊற்றுகிறார். பாஞ்சிர் என்றால் வெள்ளம். சோறு குழம்பில் மூழ்க வேண்டும் என்பது கருத்து. வெண்டைக்காயும் பாகற்காயும் தனியே இருக்கக் கண்டு, அவற்றோடு சிறிது சோறு தருமாறு தமிழிற் கேட்டேன். பரிமாறிய பெரியவர் என் நெற்றியைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஐயா, தாங்கள் சைவமோ?” என்றார்.

“ஆம்” என்றேன்.

“அப்படியாயின் இங்கே உண்ண வேண்டா. காய் தனியே சமைத்ததுதான்; ஆனால் கூட்ட நேரத்தில் கரண்டி மாறிவிடும். ஆட்டுக் குழம்பில் பட்டது இதிலும் படும். தெரியாமல் தாங்கள் உண்டால் அந்தப் பழி எனக்கு. பினாங்குத் தெருவில் சைவக் கடை இருக்கிறது, ஐந்து நிமிட நடைதான்” என்று கூறி, வாயிலளவும் வந்து வழி காட்டினார்.

வந்த விலையைத் தள்ளிவிட்டு வழி காட்டியவரை வியந்துகொண்டே நடந்தேன். பலநாட்டு உணவு ஒரு தெருவில் கிடைக்கிறது என்றால், யாவரும் யாவற்றையும் உண்கின்றனர் என்றுதான் ஊரிலிருந்தபோது நினைத்திருந்தேன். உண்மை வேறு. முஸ்லிம் பன்றி இறைச்சி உள்ள கடையை அணுகார். இந்துக்களிற் பலர் மாட்டிறைச்சியை விலக்குவர். கருணைத் தேவியை வழிபடும் சீனரிலும் அதனை விலக்குவோர் உண்டு. ஒருவர் என்ன உண்பர் என்பதை அத்தெருவார் அறிந்திருக்கின்றனர்; என்ன உண்ணார் என்பதை அதனினும் நன்றாக அறிந்திருக்கின்றனர். இலக்கணத்தில் விதியை மட்டும் கற்று விலக்கைக் கல்லாதவன் பிழையாகவே எழுதுவான். அத்தெருவின் இலக்கணம் பெரும்பாலும் விலக்கினால் ஆயது.

இவ்வறிவு எளிதில் வந்ததன்று. 1867-ஆம் ஆண்டில் இந்நகரத் தெருக்களிலே பத்து நாள் பெருங்கலகம் நிகழ்ந்தது. சீனருள் பகைகொண்ட இரு சங்கங்களும், அவற்றோடு தனித்தனியே கூட்டுச் சேர்ந்த செங்கொடி, வெண்கொடி என்னும் முஸ்லிம் சங்கங்களும் மோதிக்கொண்டன. இன்று தள்ளுவண்டிகள் நிற்கும் நகரம் அன்று பீரங்கி ஒலி கேட்டது.

மூன்றாம் நாள் அமாவாசை. சீனத் திங்களின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தச் சீனர் பலர் புலால் உண்ணார். நம் அமாவாசை, பௌர்ணமி நாள்களை அவை ஒட்டி வருகின்றன. அன்று ஒரு சீன மரக்கறிக் கடையில் அமர்ந்தேன். தட்டில் மீன் ஒன்று முழுதாக வந்தது. நான் திடுக்கிட்டு எழுந்தேன். கடைக்கார அம்மையார் நகைத்து, அதனைக் கரண்டியாற் பிளந்து காட்டினார். அது சோயாவினால் ஆனது! வெங்காயமும் பூண்டும்கூட அதிற் சேர்க்கவில்லை என்று கையசைத்து உணர்த்தினார். பௌத்த நோன்பிற்கு அவையும் விலக்காம். எங்கள் வீட்டு அமாவாசைச் சமையலிலும் அவை இரண்டும் இல்லை என்பதை அவருக்குச் சொல்ல எனக்கு மொழி இல்லை.

தேநீரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தேநீர் என்பதைத் தேன், நீர் என்று பிரித்த மாணவர்களை நான் வகுப்பில் கண்டதுண்டு. தே என்பது பினாங்குச் சீனர் பலர் பேசும் ஹொக்கியன் மொழியிலிருந்து உலகெங்கும் பரவிய சொல். அங்கே தமிழ் முஸ்லிம்கள் விற்கும் பால் தேநீருக்குத் ‘தே தாரிக்’ என்று பெயர். தாரிக் என்றால் இழுத்தல். நாம் ‘ஆற்றுதல்’ என்பதையே அவர்கள் ‘இழுத்தல்’ என்கின்றனர். சீனர் தந்த சொல், மலாய்ப் பெயர், தமிழர் கை! ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அடங்கிய மலேசியக் காலை உணவு மரபினை 2024-இல் யுனெஸ்கோ நிறுவனம் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது.

பட்டியல் புகழ் தரும், வாடகை தாராது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியது. பல தலைமுறையாகக் குறைந்த வாடகையில் வாழ்ந்த குடும்பங்கள் பல நகரின் நடுவிடத்தை விட்டு வெளியேறின. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபு நகரம் ஆயிற்று. பயணிகள் பெருகினர், பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாயின. சுவரும் சாளரமும் காக்கப்பட்டன. அவற்றின் உள்ளே அடுப்பு மூட்டியவர் எத்தனை பேர் எஞ்சுவர் என்பதே என் கவலை. நான் பேசிய வண்டிக்காரருள் இருவர், தம் மக்கள் இத்தொழிலுக்கு வாரார் என்றனர். நெருப்பின் முன் நள்ளிரவு வரை நிற்கும் தொழிலுக்கு வாரா மக்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு பதினொரு மணிக்கு மேல் விடுதிக்குத் திரும்பினேன். கூட்டம் கலைந்திருந்தது. பன்றி இறைச்சி விற்கும் சீனக் கிழவர் ஒருவர் தம் இரும்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஐந்தடித் தாழ்வாரத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்தார். எதிர்க் கடையிலிருந்து தமிழ் முஸ்லிம் இளைஞன் ஒருவன் பித்தளைக் குவளையில் தேநீர் கொண்டு வந்தான். கிழவர் வண்டியின் அடியிலிருந்து தம் சொந்தக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். இளைஞன் குவளையை உயரத் தூக்கி, கிண்ணத்தின் விளிம்பிற் படாமல், ஒரு துளியும் சிந்தாமல் ஊற்றினான். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. கிழவர் நாணயத்தை வண்டியின் ஓரத்தில் வைத்தார். அதனை எடுத்துக்கொண்டு அவன் தெருவைக் கடந்து தன் கடைக்குச் சென்றான்.