'ஒன்லி' என்னும் சொல்லை அறிவோம்

நம் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் உள்ளனர். அங்குத் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. சிராங்கூன் சாலைக் கடைகளில் தமிழே பேசலாம். வேலையிடத்திலோ ஆங்கிலமே பெரிதும் வழங்குகிறது. ஆகவே 'ஒன்லி' என்னும் சொல்லைக் கருத்துடன் ஆளுதல் வேண்டும்.

தமிழில் 'தான்' இரு பொருள் தரும். 'நான் வந்தேன்தான்' என்பது வலியுறுத்தல். 'இரண்டு நாள்தான் உண்டு' என்பது வரையறை. 'ஒன்லி' பெரும்பாலும் வரையறையையே உணர்த்தும்.

'ஞாயிறன்று நீங்கள் வேலை செய்யவில்லை' என்று மேற்பார்வையாளர் கூறுவதாகக் கொள்வோம். நாம் 'செய்தேன்தான்' என்று எண்ணி, 'ஐ வொர்க்ட் ஒன்லி ஆன் சண்டே' என்போமாயின், 'ஞாயிறு மட்டுமே வேலை செய்தேன்' என்றாகிவிடும். மற்ற நாள்களின் கூலிக்கும் இடையூறு நேரலாம். 'ஐ டிட் வொர்க் ஆன் சண்டே' என்பதே சரி. இங்கு 'டிட்' என்பதை அழுத்திக் கூறவேண்டும். 'உண்மையாகவே' என்னும் பொருளில் 'ரியலி' என்பதும் பயன்படும்.

எளிய வழி ஒன்றுண்டு. 'தான்' நிற்குமிடத்தில் 'மட்டும்' என்று வைத்துப் பார்ப்போம். பொருள் மாறாவிடின் 'ஒன்லி' எனலாம். மாறினால் அச்சொல்லைத் தவிர்ப்போம்.