கற்பூரம் மணக்கும் பொத்தான்கள்

இவ்விதழுக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், நான் இலக்கியம் பற்றி எழுதுவேன் என்று எண்ணியிருப்பார்கள். நான் எழுத வந்திருப்பதோ பழைய பொத்தான்களைப் பற்றி. மரத்தாலும் தொடக்ககால ஞெகிழியாலும் செய்யப்பட்ட பொத்தான்கள்.

தம்போயில் என் தாத்தா தையற்கடை வைத்திருந்தார். 2012-இல் கடையை மூடியபோது தையல் இயந்திரத்தை ஒருவர் வாங்கிக்கொண்டார், இஸ்திரிப் பெட்டியை இன்னொருவர். விலை போகாமல் வீடு வந்து சேர்ந்தவை மூன்று பிஸ்கட் டின்கள். மூன்றிலும் பொத்தான்கள். தாத்தா பன்னிரண்டு வயதில் காஜா எடுக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர். அவருடைய முதலாளி போருக்கு முன்பிருந்தே தைத்தவர். தொழிலை விட்டபோது மிச்சமிருந்த பொத்தான்களைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டாராம். தாத்தா இறந்த பிறகு அம்மா அவற்றைத் தூக்கி எறியப் பார்த்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் சேகரிப்பு அப்படித்தான் தொடங்கியது.

பொத்தான் என்ற சொல்லே நமக்குக் கடல் கடந்து வந்தது. ஜன்னல், மேசை, சாவி, அலமாரி ஆகியவற்றோடு போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழில் கலந்த சொல் அது. பொருளும் அப்படித்தான். ஒரு டின்னைக் கவிழ்த்தால் பல நாட்டுச் சரக்கு மேசையில் உருளும்.

முதலில் நான் அவற்றை நிறம் பார்த்துப் பிரித்தேன். இது தொடக்கநிலையில் எல்லாரும் செய்யும் தவறு. பழைய ஞெகிழியின் நிறத்தை நம்பக்கூடாது. வார்ப்பு பேக்கலைட்டில் வெள்ளையாகப் பிறந்தது காற்றும் வெளிச்சமும் பட்டு வெண்ணெய் மஞ்சளாகிவிடும். பொருளைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

மரப் பொத்தானை அடையாளம் காண்பது எளிது. கையில் வைத்தால் எடையே தெரியாது, உருப்பெருக்காடியில் இழையோட்டம் தெரியும். தேங்காய்ச் சிரட்டைப் பொத்தானில் பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். இவ்விரண்டையும் தண்ணீரில் ஊற வைக்கக்கூடாது. ஊறிக் காய்ந்தால் மரம் வெடிக்கும். மரத்தைப் பற்றி இவ்வளவு போதும். சிக்கல் எல்லாம் ஞெகிழியில்தான்.

ஞெகிழிக்கு முன்னோடி ரப்பர். நம் பாட்டன் பூட்டன் பால் மரம் வெட்டிய அதே ரப்பர்தான். அதில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றினால் கறுப்பாய்க் கல்போல் இறுகிவிடும். அமெரிக்காவில் 1850-களிலேயே இதில் பொத்தான் செய்தார்கள். சிலவற்றின் பின்புறம் குட்இயர் என்ற பெயரும் காப்புரிமை ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த ரப்பர் மலாயாவிலிருந்து போனதில்லை. இங்கு ரப்பர்க் கன்றுகள் வந்ததே 1877-இல்தான். நம்மவர் தோட்டங்களில் கத்தி பிடிப்பதற்கு முன்பே யாரோ ரப்பர் பொத்தான் போட்டுத் திரிந்திருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு ஏனோ கொஞ்சம் கோபம் வந்தது.

அடுத்து செல்லுலாய்டு. யானைத் தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்று தேடியவர்களில் ஒருவர் ஜான் வெஸ்லி ஹயாட் என்ற அமெரிக்கர். நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்து, 1870-இல் காப்புரிமை பெற்றார். ஆம், கற்பூரம்தான். செல்லுலாய்டு பொத்தானைக் கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்து முகர்ந்தால் பூசையறை வாடை அடிக்கும். முதன்முதலில் அதை முகர்ந்த பாட்டி, “சாமி மேடையில வச்சிருந்தியா?” என்று கேட்டார்.

இரண்டாவது வாடை, தீய்ந்த பால். 1897-இல் ஜெர்மனியில் கிரிஷே, ஸ்பிட்லர் என்ற இருவர் பாலிலிருந்து ஞெகிழி செய்யக் காப்புரிமை பெற்றனர். ‘கலாலித்’ என்று பெயர். கிரேக்க மொழியில் பால்கல் என்று பொருள். கொழுப்பெடுத்த பாலைத் திரித்து, திரளும் கேசின் என்னும் புரதத்தைக் காயவைத்துப் பொடியாக்கி, நீர் சேர்த்து அழுத்திக் கம்பிகளாகவும் தகடுகளாகவும் ஆக்குவார்கள். கம்பியைக் கத்தரிக்காய் நறுக்குவதுபோல் வில்லை வில்லையாக வெட்டினால் பொத்தான். அதைப் பதப்படுத்த ஃபார்மலினில் ஊறவைக்க வேண்டும். தடிமன் கூடினால் ஊறும் நாளும் கூடும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில். சாயம் நன்றாகப் பிடித்ததால் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பொத்தான் தொழிலில் கேசின் கொடிகட்டிப் பறந்தது. பாலில் காடி ஊற்றித் திரித்து நானும் வீட்டில் ஒரு பொத்தான் செய்து பார்த்தேன். ஃபார்மலின் இல்லாததால் மூன்றாம் நாள் பூசணம் பிடித்தது.

மூன்றாவது வாடை, கார்பாலிக் சவர்க்காரம். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லாந்து 1907-இல் உருவாக்கிய பேக்கலைட் இது. ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது. கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனாலின் பழைய பெயர், எனவே வாடையில் வியப்பில்லை. உடையாமல் உறுதியாக இருக்க அதில் மரத்தூளைக் கலந்து அச்சில் அழுத்துவார்கள். மரப் பொத்தான், ஞெகிழிப் பொத்தான் என்று நான் இரு தட்டாகப் பிரித்து வைத்த பிறகே, பேக்கலைட்டுக்குள்ளும் மரம் இருக்கிறது என்பதைப் படித்தேன்.

இடைநிலைப்பள்ளியில் வேதியியலை மலாய் மொழியில் படித்தவன் நான். ‘தெர்மோபிளாஸ்திக்’, ‘தெர்மோசெட்’ என்ற சொற்கள் தேர்வுக்குத் தெரியும். அவற்றைப் பாட்டிக்குத் தமிழில் விளக்க முயன்றபோது நாக்கு எழவில்லை. சுற்றி வளைத்து எதையோ சொன்னேன். பாட்டி கேட்டுவிட்டு, “ஒண்ணு மெழுகு, ஒண்ணு செங்கல், அதானே?” என்றார். அதேதான். செல்லுலாய்டு மெழுகைப்போல் மீண்டும் இளகும். பேக்கலைட் சுட்ட செங்கல், இனி இளகாது.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சிய ஊசியால் பொத்தானின் பின்புறம் குத்தி முகரும் பழைய சோதனையைச் செய்யாதீர்கள். செல்லுலாய்டு கண நேரத்தில் தீப்பிடிக்கும். என் வலது ஆள்காட்டி விரலில் அதற்கான தழும்பு இருக்கிறது. பேக்கலைட் என்று தோன்றினால் குழாய் வெந்நீரில் அரை நிமிடம் நனைத்து முகர்ந்தால் போதும். கேசினை அதற்குமேல் நீரில் விடாதீர்கள். நீரை உறிஞ்சி ஊதிவிடும். சலவைக்குத் தாங்காத இந்தக் குணத்தால்தான் 1950-களுக்குப் பிறகு பாலியெஸ்டர் பொத்தான் கேசினை விரட்டியது.

பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் காலத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுவதும் பிழை. எங்கள் டின்னில் காக்கிப் பழுப்பு நிறத்தில் நான்கு துளைப் பொத்தான்கள் சில உண்டு. தம்போய் மனநல மருத்துவமனைக் கட்டடத்தில் 1941 இறுதியில் ஆஸ்திரேலியப் படையின் மருத்துவமனை இயங்கியது வரலாறு. உடனே நான் இவை அந்தச் சிப்பாய்களின் பொத்தான்கள் என்று கதை கட்டிவிட்டேன். பேக்கலைட் என்றால் 1907-க்கு முற்பட்டதில்லை என்று மட்டுமே சொல்லலாம். அதற்குப் பின் எந்த ஆண்டிலும் எந்தக் கடைக்காரரும் அதை வாங்கியிருக்கலாம். கதையைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட்டேன்.

இனி என் தவறு. பல்கலைக்கழக விடுதிக்குப் புறப்படும்போது, பூச்சி அரிக்கக்கூடாது என்று எல்லாப் பொத்தான்களையும் காற்றுப் புகாத ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போனேன். இரண்டு பருவம் கழித்துத் திறந்தபோது மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை. செல்லுலாய்டு பொத்தான்கள் வியர்த்துப் பிசுபிசுத்து, பாளம் பாளமாக வெடித்திருந்தன. செல்லுலாய்டு முதுமையடையும்போது கற்பூரம் ஆவியாகிப் போகும். கூடவே அமில ஆவி வெளிவரும். மூடிய டப்பாவில் அந்த ஆவி எங்கே போகும்? பக்கத்திலிருந்த பித்தளைக் கொக்கிகள் பச்சை பூத்துவிட்டன. நல்ல நிலையில் இருந்த மற்ற செல்லுலாய்டுகளையும் அது கெடுத்துவிட்டது. எழுபது ஆண்டுகள் பழைய டின்னில், மூடி சரியாகப் பொருந்தாததால் பிழைத்தவற்றை நான் ஓராண்டில் கொன்றேன். நம் ஜொகூர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் செல்லுலாய்டைத் தனியாக, காற்றோட்டமாக, அமிலமற்ற தாளில் வைக்க வேண்டும். நெகிழிப் பையும் இரும்பு டின்னும் ஆகா.

அன்றிரவுதான் தாத்தாவின் கல்யாணக் கோட்டு நினைவுக்கு வந்தது. 1965-இல் அவரே தைத்துக்கொண்டது. முதலாளி கொடுத்த தேன் நிறப் பொத்தான்கள் மூன்று முன்பக்கத்தில் உண்டு. பாட்டி அதை அலமாரியில் உறை போட்டுத் தொங்கவிட்டிருந்தார். உறையைக் கழற்றி ஒன்றைத் தேய்த்து முகர்ந்தேன். கற்பூரம். பொத்தானுக்கு அடியில் துணி லேசாகப் பழுத்திருந்தது.

விட்டால் துணி இற்றுப்போகும், வெட்டினால் அது தாத்தா போட்ட கோட்டாக இராது. இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். சொன்னபோது பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. கோட்டை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, “பிளேடு எடுத்தா கண்ணு” என்றார். என்னை வெட்ட விடவில்லை. பொத்தானைத் தூக்கிப் பிடித்து, கீழே இருந்த நூற்கழுத்தை ஒவ்வோர் இழையாக அறுத்தார். “பாரு, எத்தன சுத்து சுத்தியிருக்காரு” என்று எண்ணிக் காட்டினார். ஏழு சுற்று.

பொத்தான்கள் மூன்றும் இப்போது தனித்தனித் தாளுறையில், ஜன்னலோரத் தட்டில் இருக்கின்றன. அறுத்த நூலைப் பாட்டி எடுத்துக்கொண்டார். கோட்டுக்குப் புதுப் பொத்தான் வேண்டாமாம். உறையைப் போடாமல், அலமாரிக் கதவைச் சற்றே திறந்து வைத்திருக்கிறார்.