உடல் எடையும் தாய்மையும்: மலைப் பெண்கள் அறிய வேண்டியவை

"கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் விசேஷம் இல்லையா?" குன்னூரிலோ கோத்தகிரியிலோ இந்தக் கேள்வியைக் கேட்காத மருமகள் அரிது. கூடவே "உடம்பு போட்டுட்டா, அதான்" என்ற பழியும் வரும். இதில் எவ்வளவு உண்மை?

எப்படிப் பாதிக்கிறது?

உடலில் கொழுப்பு மிகும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்ட உடல் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அது சினைப்பையில் ஆண் ஹார்மோன்களைக் கூட்டிவிடுவதால் சினைமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைபடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகும், கரு தங்கினாலும் கருச்சிதைவு, ரத்த அழுத்தம், கர்ப்பகால சர்க்கரை நோய் ஆகிய ஆபத்துகள் கூடும்.

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். முந்தைய ஆய்வில் (2015-16) இது 30.9 சதவீதம்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

ஒல்லியாக வேண்டியதில்லை. 70 கிலோ எடையுள்ள பெண் 5 முதல் 10 சதவீதம், அதாவது மூன்றரை முதல் 7 கிலோ வரை குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது.

குளிருக்கு இதமாக நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராமுக்கு மேல் போகும். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விட வேண்டாம். சர்க்கரையையும் கூடவே தொட்டுக்கொள்ளும் வர்க்கியையும் குறையுங்கள். நம் மலையில் விளையும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸைத் தட்டில் கூட்டுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். எடை குறைக்கும் பவுடர்களை நம்ப வேண்டாம். கர்ப்பமான பிறகு பட்டினி கிடக்கவே கூடாது.

யாரை அணுகலாம்?

ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே பாருங்கள். கணவரும் கட்டாயம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறை அவரிடமும் இருக்கலாம்; எடை மட்டுமே காரணம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த முறை யாராவது "விசேஷம் இல்லையா?" என்று கேட்டால் தலைகுனிய வேண்டாம். இது பழி அல்ல. சிகிச்சை உள்ள ஒரு உடல்நலப் பிரச்சினை.