மொழி தெரியாத ஊரில்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குச் சென்றால், வேலைக்காகச் சிங்கப்பூர் வந்திருக்கும் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். தேநீர் கேட்டாலும் காய்கறி வாங்கினாலும் அவர்களுக்குத் தமிழிலேயே பதில் கிடைக்கும். வேலை தேடிப் போகும் எல்லா ஊரிலும் இந்த வசதி இருப்பதில்லை. அப்படி வேறோர் ஊருக்குப் போன ஒருவரின் உண்மை அனுபவத்திலிருந்து உருவானதுதான் ‘விசாரணை’ திரைப்படம்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த மு. சந்திரகுமார், 1983ஆம் ஆண்டில் ஆந்திராவின் குண்டூர் நகரில் ஓர் உணவகத்தில் வேலை செய்தார். ஒருநாள் காவலர்கள் அவரையும் நண்பர்களையும் பிடித்துச் சென்றனர். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி 13 நாள் அடித்தனர். அதன்பின் சில மாதங்கள் சிறையிலும் கழிந்தன. ஊர் திரும்பி ஆட்டோ ஓட்டிப் பிழைத்த அவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு அதை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார்.

அந்த நாவலைப் படமாக்கிய இயக்குநர் வெற்றிமாறன், பாடல் எதையும் சேர்க்கவில்லை. மொழி தெரியாதவனின் தவிப்பையே முன்னால் வைத்தார். படத்தில் பாண்டியும் நண்பர்களும் பூங்காவில் படுத்துறங்கும் கூலித் தொழிலாளர்கள். எதற்காக அடிக்கிறார்கள் என்பதே அவர்களுக்கு முதலில் விளங்குவதில்லை. நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, தங்கள் நிலையைத் தெலுங்கில் சொல்லவும் தெரியவில்லை. வேறு வேலையாக அங்கு வந்திருந்த தமிழ்நாட்டுக் காவல் அதிகாரி முத்துவேல், அவர்கள் பேச்சை மொழிபெயர்க்கிறார். சில நிமிடங்களில் விடுதலை! (சிங்கப்பூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எதற்காக இருக்கிறார்கள் என்பது இந்தக் காட்சியைப் பார்த்தால் புரியும்.) முத்துவேலாக நடித்த சமுத்திரக்கனி தேசிய விருது பெற்றார்.

படத்தின் இரண்டாம் பாதி சென்னையில் நடக்கிறது. அது நாவலில் இல்லாத கதை. உண்மைச் சம்பவத்தை வைத்து எடுக்கும் படத்தில் இப்படி வேறொன்றைச் சேர்க்கலாமா? கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால், சந்திரகுமாரின் வாழ்க்கை எந்த இடத்தில் முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பது நாவலைப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். படத்தை மட்டும் பார்ப்பவர்கள் முழுவதையும் அவருடைய கதை என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் ‘விசாரணை’ திரையிடப்பட்டபோது, சந்திரகுமாரும் அங்குச் சென்றிருந்தார். தமிழ் அறியாத பார்வையாளர்கள், திரையின் அடியில் ஓடிய எழுத்துகளைப் படித்தபடி படத்தைப் பார்த்தார்கள். அவ்விழாவில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பின் இத்தாலியக் கிளை அப்படத்திற்கு விருது வழங்கியது.