பழமையும் குடியிருப்பும்



நெய்யாற்றங்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பலா என்னும் முதுமரம் உண்டு. மார்த்தாண்டவர்மர் பகைவர்க்குத் தப்பி அதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது செவிவழிச் செய்தி. அம்மரத்தைக் காப்பதால் எவர்க்கும் வீடு குறைவதில்லை. மக்கள் வாழும் தெருவையே காக்க முற்பட்டால்? ஆராய்வோம்.

திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியில், பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்து அக்கிரகாரத் தெருக்கள் உள்ளன. ஓட்டு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அழகே அழகு! மரபுப் பகுதியாதலின் அங்கே கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு உண்டு. மக்கள்தொகை வளரலாம், மாடி வளரக் கூடாது.

இத்தகைய வரம்பின் விளைவைக் கணக்கால் காண்போம். கோட்டைத் தெருக்களுக்கு உரியதன்று எனினும், நடுவணரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 2010-இல் செய்த திருத்தம், அவ்வரசு காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்தைத் தடுத்தது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்ட வேண்டும் என்றது. 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 31,400 சதுர மீட்டர். நம் வழக்கில் 776 சென்ட். வெற்று நிலமாயின், வீட்டுக்கு 5 சென்ட் வீதம் 155 மனைகள்! சாலைக்குக் கழித்தாலும் நூறு குடும்பம் வாழலாம்.

அக்குடும்பங்கள் எங்கே செல்லும்? நகரின் ஓரத்துக்கு நகரும். அங்கும் வாடகை ஏறும், தோப்புகள் மனைகளாகும். பிழைப்பு நாடிப் பாறசாலையில் குடியேறிய தமிழ்க்குடும்பம் எங்களுடையது. பல்கலைக்கழகத்தின் அருகே வீடு தேடினோம். தந்தையின் வருவாய்க்கு எட்டவில்லை. விடியற்காலை இரயிலே என் படிப்பறை ஆயிற்று. இதற்குக் காப்பு விதி ஒன்றே காரணம் என்று கூறேன்; அஃது அறிவியலாகாது. நகரில் வீடு பெருகாமைக்குரிய பல காரணங்களுள் அதுவும் ஒன்று.

அப்படியானால் பழமையை இடித்துவிடலாமா? வேண்டா. இடித்த இடத்தில் எழும் மாளிகை ஏழைக்குக் கிடைக்கும் என்பதற்கு என்ன உறுதி? நியூயார்க் நகரம் ஒரு வழி காட்டுகிறது. காக்கப்படும் கட்டடத்தின் மேல் எழுப்ப முடியாத மாடிகளை, அருகிலுள்ள வேறு மனையில் எழுப்பும் உரிமையை அங்கே மாற்றித் தரலாம். 1978-இல் கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலைய வழக்கில், அந்நகரின் காப்புச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இம்மாற்றுரிமையையும் கருத்திற் கொண்டது.

கோட்டையின் அழகு நாட்டுக்கே உரியது. அதன் விலையை வாடகைக் குடிகள் மட்டும் தருவது முறையாகுமா? ஒரு தெருவில் மாடியைத் தடுக்கும் அரசு, மறு தெருவில் அத்தனை வீட்டுக்கு வழி செய்யட்டும். முன்னோர் வீடு நிலைக்கட்டும். பின்னோர்க்கும் வீடு வேண்டும்.